ட்ரையாங்கிள் தொழிற்சாலைத் தீவிபத்து (1911)

நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று 146 ஆடைத் தொழிலாளர்கள் மாண்ட நிகழ்வு. இவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள்; 14 வயதுச் சிறுமியரும் உண்டு.

இதற்கு 16 மாதங்கள் முன்னதாக, 1909 நவம்பரில், நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் நடந்த ஆடைத் தொழிலாளர் கூட்டத்தில் தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளாரா லெம்லிச் என்ற 23 வயதுத் தொழிலாளி மேடையேறி, இத்திஷ் மொழியில் வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினார். சுமார் 20,000 பேர் வீதிக்கு வந்தனர். பல முதலாளிகள் தொழிற்சங்கத்தை ஏற்றனர், ட்ரையாங்கிள் நிறுவனம் ஏற்கவில்லை.

ஆஷ் என்ற கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில், 8 முதல் 10 வரை, அந்நிறுவனம் பெண்களுக்கான மேல்சட்டைகளைத் தைத்தது. தீப்பிடித்த அன்று சனிக்கிழமை. வேலை முடியும் நேரத்தில், 8ஆம் தளத்தில் வெட்டுமேசைக்கடியில் கிடந்த துண்டுத்துணிக் குவியலில் தீப்பற்றியது. 10ஆம் தளத்துக்குத் தொலைபேசியில் தகவல் போனது. அங்கிருந்த முதலாளிகள் கூரை வழியே தப்பினர். 9ஆம் தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. தீயே போய்ச் சொன்னது. அங்கே ஒரு படிக்கட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருட்டுப் போகும் என்ற சந்தேகத்தில், எல்லோரையும் ஒரே வாசலில் நிறுத்திக் கைப்பையைத் திறந்து பார்த்து அனுப்புவது வழக்கம். வெளிப்புற இரும்புப் படிகள் பாரம் தாங்காமல் சரிந்தன. தீயணைப்பு ஏணி 6ஆம் தளம் வரைதான் எட்டியது. பலர் சன்னல் வழியே குதித்து இறந்தனர். லிஃப்டை இயக்கிய ஜோசஃப் சிட்டோ, அது இயங்கிய வரை மேலே போய்ப் போய் ஆட்களை இறக்கினார்.

விபத்து என்ற சொல் இதற்குப் போதாது. பூட்டிய கதவுதான் பலரைக் கொன்றது. இடிபாட்டில் கிடைத்த பூட்டு நீதிமன்றத்துக்கு வந்தும், கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவர்கள் விடுவிக்கப்பட்டனர். 1914இல் சில குடும்பங்களுக்கு உயிர் ஒன்றுக்கு 75 டாலர் கிடைத்தது.

பெண்கள் குதித்ததை வீதியில் நின்று பார்த்தவர் ஃபிரான்செஸ் பெர்கின்ஸ். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையத்தில் அவர் உழைத்தார். அதன் பயனாக, வேலை நேரத்தில் கதவுகளைப் பூட்டக்கூடாது, தீ ஒத்திகை நடத்த வேண்டும் என்று சட்டங்கள் வந்தன. 1933இல் அவர் தொழிலாளர் துறைச் செயலரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. ஆணையத்துக்குத் தலைமை வகித்த ராபர்ட் வாக்னர் 1935இல் கொண்டுவந்த சட்டம், சங்கம் அமைக்கும் உரிமையை நாடு முழுவதும் உறுதிசெய்தது.

இப்போதும் மார்ச் 25 அன்று, இறந்தவர்கள் குடியிருந்த வீடுகளின் முன்னே நடைபாதையில் அவர்களின் பெயரையும் வயதையும் சாக்பீஸால் எழுதுகிறார்கள்.