படம் யாருக்காக?



கடும் நோயோடு போராடும் பிள்ளைகளின் வீட்டாருக்கு, ஒரு பென்ஸ் கூட வாங்காமல் படம் எடுத்துக் கொடுக்கும் புகைப்படக்காரர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். பிரித்தானியாவிலும் இருக்கிறார்கள். இந்தச் சேவை எப்படி வந்தது என்று தேடிப் போனால், லண்டனின் 150 வருட வரலாறு ஒன்று விரிகிறது. அதில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. பிள்ளையைப் படம் எடுக்கிறோமே, அந்தப் படம் யாருக்காக?

கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் இருந்து தொடங்குவோம். டப்ளினிலிருந்து 1866இல் மருத்துவம் படிக்க வந்த தோமஸ் பர்னாடோ, 1870இல் அங்கே ஆதரவற்ற சிறுவர்களுக்கு ஒரு இல்லம் திறந்தார். 1874இல் படம் எடுப்பதற்கென்றே ஒரு பிரிவையும் ஏற்படுத்தினார். ஒரு படத்தில் கந்தல் உடுப்போடு ஒரு பிள்ளை. அடுத்த படத்தில் அதே பிள்ளை குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, தொழில் பழகுகிறது. இப்படி 'முன்பு', 'பின்பு' என்று சோடி சோடியாக அட்டைகளில் அச்சிட்டு, இல்லத்துக்கு நிதி சேர்க்க விற்றார்கள். சில பிள்ளைகளின் கோலத்தை வேண்டுமென்றே மோசமாக்கிக் காட்டினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1877இல் நடுவர் விசாரணை நடந்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து பர்னாடோ விடுபட்டார். ஆனால் படங்கள் விஷயத்தில் நடுவர்கள் அவரைக் கண்டித்தார்கள். நோக்கம் நல்லதுதான். என்றாலும் அந்தப் படங்கள் கொடையாளியின் கண்ணுக்காக எடுக்கப்பட்டவை. படத்தில் நின்ற பிள்ளைக்கு அதில் பங்கு இல்லை.

முதலாம் உலகப் போரில் இந்த நிலை கொஞ்சம் மாறியது. 1915இல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு ஒரு வேலையைத் தொடங்கியது. போர்முனையில் இருக்கும் சிப்பாய் கேட்டால், ஊரில் கமரா வைத்திருக்கும் தொண்டர் ஒருவர் அவருடைய வீட்டுக்குப் போவார். மனைவி மக்களை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார். அந்தப் படம் இலவசமாகச் சிப்பாய்க்குப் போய்ச் சேரும். தன் கைப்பழக்கத்தைத் தானமாகக் கொடுப்பது, படத்தை உரியவரிடமே ஒப்படைப்பது என்ற இரண்டு வழக்கமும் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே கமரா போக இன்னும் காலம் எடுத்தது. ஏனென்றால் அந்தக் கட்டிலருகே பெற்றோரையே விடாத காலம் அது.

இது மிகைப்படுத்தல் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் லண்டன் வைத்தியசாலைகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்கக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. கைஸ் வைத்தியசாலையில் ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை மட்டும். சென்ற் தோமஸில் முதல் மாதம் சந்திப்பே இல்லை. மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். தாயைக் கண்டால் பிள்ளை அழும், காணாவிட்டால் அமைதியாகிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு கமராதான். ஜேம்ஸ் ரொபேர்ட்சன் என்பவர் போர்க்காலத்தில் ஹம்ப்ஸ்டெட்டில் அன்னா பிராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர். பின்னர் ஜோன் பௌல்பியின் குழுவில் சேர்ந்தார். வெம்பிளி, அல்பேட்டன் பக்கத்து நேயர்களுக்கு நன்கு தெரிந்த சென்ட்ரல் மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் சிறுவர் வார்டில் 1948இல் பிள்ளைகளை அவதானிக்கத் தொடங்கினார். அமைதியாக இருப்பதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் உண்மையில் அழுது களைத்து, நம்பிக்கை இழந்து ஒடுங்கிப்போனவர்கள் என்று கண்டார். எடுத்துச் சொன்னால் வைத்தியர்கள் ஏற்கவில்லை. ஆகவே அதுவரை சினிமா கமராவைக் கையால் தொட்டிராத மனிதர் ஒரு கமராவை எடுத்தார்.

சத்திரசிகிச்சைக்காக 8 நாட்கள் வைத்தியசாலையில் தங்கிய லோரா என்ற இரண்டரை வயதுக்கும் குறைந்த சிறுமியை அவர் படம் பிடித்தார். வேண்டிய காட்சியைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, பிள்ளையைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்தார். ஒவ்வொரு நாளும் முன்கூட்டியே குறித்த நேரத்தில் மட்டும் படமெடுத்தார். 1952 நவம்பரில் ரோயல் சொசைட்டி ஒப் மெடிசின் மண்டபத்தில் அது திரையிடப்பட்டபோது வைத்தியர்களும் தாதியரும் கொதித்தெழுந்தார்கள். எங்கள் தொழிலை அவமதிக்கிறார் என்றார்கள். ஆனால் அந்தச் சிறுமியின் முகத்தை மறுக்க முடியவில்லை. 1959இல் சேர் ஹரி பிளட் தலைமையிலான குழு, பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. வைத்தியசாலைகள் அதைச் செய்து முடிக்கப் பல வருடங்கள் எடுத்தன. 1961இல் பற்றர்சீயில் தாய்மார் சேர்ந்து சங்கம் அமைத்து வற்புறுத்தவும் வேண்டியிருந்தது.

பெற்றோர் உள்ளே வந்தார்கள். அடுத்து, பிள்ளை பிழைக்காது என்று தெரிந்த வீட்டாரின் துயரம் கவனத்துக்கு வந்தது. இறந்து பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டாமலே கொண்டுபோவதுதான் நெடுங்கால வழக்கம். 1970களில் லண்டன் டாவிஸ்டொக் நிலையத்தின் வைத்தியர் இமானுவேல் லூயிஸ் போன்றோர் இதை எதிர்த்து எழுதினார்கள். தாய் பார்க்கட்டும், தூக்கட்டும், நினைவுக்கு ஏதாவது மிஞ்சட்டும் என்றார்கள். 1978இல் பெற்றோரே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று சான்ட்ஸ் என்று அறியப்படுவது அதுதான். அதன் பிறகு வைத்தியசாலைகளில் தாதியரும் மருத்துவிச்சிகளும் சிறு கமராவால் படம் எடுத்துக் கொடுப்பது மெல்ல மெல்ல வழக்கமானது.

தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அமைப்பாகச் சேர்ந்தது இந்த நூற்றாண்டில்தான். 2001இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், புற்றுநோயோடு இருக்கும் பிள்ளைகளைப் படமெடுக்க ஒரு தொண்டு அமைப்பு உருவானது. 2005இல் கொலராடோவில் ஷெரில் ஹகார்ட் என்ற தாய், இயந்திரத்தின் உதவியால் மூச்சுவிட்ட தன் ஆறு நாள் மகனைப் படமெடுக்கச் சண்டி பூச் என்ற கலைஞரை அழைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து, குழந்தையை இழக்கும் வீட்டாருக்கு இலவசமாகப் படம் எடுக்கும் அமைப்பைத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 'ரிமெம்பர் மை பேபி' என்ற தொண்டு நிறுவனம் 2014இல் உருவானது. பிறக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்து சில நாளிலோ குழந்தையை இழக்கும் பெற்றோரிடம் அதன் தொண்டர்கள் வருகிறார்கள். பெற்றோர் சம்மதித்தால் மட்டுமே எடுக்கிறார்கள். எடுத்த படங்கள் பெற்றோரிடம் போகின்றன.

எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். படம் எடுக்கும் தாய் அந்தப் படத்தில் இருப்பதில்லை. மங்கிய வெளிச்சத்தில், குழாய்களுக்கு நடுவே, பிள்ளையின் விரலையும் அதைப் பற்றியிருக்கும் தகப்பனின் கையையும் எடுக்க, கலங்காத இன்னொருவர் வேண்டும்.

இனி எங்களுடைய பக்கம் பார்ப்போம். மரணத்தைப் படமெடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைச் சேகரித்திருக்கிறது. இறந்தவரை நாற்காலியில் இருத்திப் படமெடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது. யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி உறவினர் நின்று எடுத்த படம் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஆனால் அந்த அல்பங்களில் இருப்பவர்கள் பெரியவர்கள்தான். பச்சைக் குழந்தை தவறினால் சடங்கில்லாமல் விரைவாகப் புதைத்துவிடுவோம். பல வீடுகளில் தாயைச் சுடலைக்கும் விடுவதில்லை, படமும் எடுப்பதில்லை. நோயாளிப் பிள்ளையைப் படமெடுத்தால் நாவூறு படும், ஆயுள் குறையும் என்ற பயமும் உண்டு. அது அன்பினால் வரும் பயம். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

அதே நேரம், படம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று எங்களைவிட அறிந்தவர் யார்? போரில் இடம்பெயர்ந்தபோது அல்பத்தை விட்டுவிட்டு வந்து, தாயின் முகத்துக்கு ஒரு அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாட்டியவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள்.

ஆகவே இப்படியான நிலையில் ஒரு வீட்டாரை நீங்கள் அறிந்தால், படம் எடுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். எடுக்கக்கூடாது என்று தடுக்கவும் வேண்டாம். இப்படி ஒரு சேவை இருக்கிறது, மருத்துவிச்சியிடமோ தாதியிடமோ கேட்டுப் பார்க்கலாம் என்ற தகவலை மட்டும் மெதுவாகச் சொல்லி வையுங்கள். எடுத்த படத்தை உடனே பார்க்க வேண்டியதில்லை. அலுமாரியில் பத்து வருடம் கிடந்தாலும் பரவாயில்லை. அது அந்தத் தாய் தகப்பனுடையது. எப்போது பார்ப்பது, யாருக்குக் காட்டுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.