எழுபத்தாறு நாளும் இரண்டு நாளும்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில், மாத்தளை மாவட்டத்துக்குள் வருகிறது கலேவெல. அனுர குமார திசாநாயக்க 1968இல் பிறந்த ஊர். 2022 ஜூலையில் நாடாளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது அவருக்கு விழுந்தவை 3 வாக்குகள். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134. பிறகு 2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை, மக்கள் வாக்களித்தார்கள். விருப்பு வாக்குகளையும் எண்ணி ஞாயிறு இரவு முடிவு வந்தது. திங்கள் காலை அனுர ஜனாதிபதியாகப் பதவிப்பிரமாணம் செய்தார். 1971இலும் 1980களின் இறுதியிலும் ஆயுதமேந்தித் தோற்ற கட்சியின் தலைவருக்கு ஆட்சி கைமாற இரண்டே நாள் போதுமாக இருந்தது.

அதே ஆண்டு அமெரிக்கர்கள் நவம்பர் 5இல் வாக்களித்து, ஜனவரி 20 வரை 76 நாள் காத்திருந்தார்கள். அங்கே புதிய ஜனாதிபதி ஏறத்தாழ 4,000 பதவிகளுக்குத் தன் ஆட்களைத் தேட வேண்டும். இங்கே அமைச்சுச் செயலாளர்கள் மாறுவார்கள், கச்சேரி மாறாது. மாத்தளையில் தெரிவத்தாட்சி அலுவலராக இருந்து வாக்கெண்ணி முடித்த அரசாங்க அதிபர், மறுநாள் தன் பழைய கதிரையிலேயே கோப்புகளைப் பார்ப்பார்.

நீண்ட இடைவெளி தோற்றவருக்கும் அவகாசம் கொடுக்கிறது. முன்பு அது மார்ச் 4 வரை நீண்டது. 1860 நவம்பரில் வென்ற லிங்கன் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துபோயின. 2020இல் பைடனின் வெற்றியை ஏற்றுக் கைமாற்ற வேலையைத் தொடங்க அனுமதிக்கும் கையெழுத்துக்கே நவம்பர் 23 ஆனது. அடுத்த ஜனவரி 6இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. இங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாளான 2015 ஜனவரி 9ஐ அதோடு வைத்துப் பாருங்கள். இறுதி முடிவு வருமுன்பே மகிந்த ராஜபக்ச அலரி மாளிகையை விட்டு வெளியேறினார். அன்று மாலையே நீதியரசர் ஸ்ரீபவன் முன்னிலையில் மைத்திரிபால சிறிசேன பதவியேற்றார். இந்த வேகம் நமக்குக் கிடைத்த வரம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த வேகத்தில் கையளிக்கப்படுவது என்ன? 2022இல் ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டுப் போய், சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார். அடுத்து வந்தவருக்கு நேரில் விளக்கம் சொல்ல அவர் இங்கே இருக்கவில்லை. 2024இல் ரணில் இலங்கையை ஒரு குழந்தையாக உருவகித்து, அதை ஒப்படைப்பதாகக் கண்ணியமாக அறிக்கை விட்டார். அப்போது பிணைமுறிக் கடன் மறுசீரமைப்பு முடிந்திருக்கவில்லை. சபையில் மூன்றே உறுப்பினர்களை வைத்திருந்த கட்சி, ஜனாதிபதி உட்பட மூவரைக் கொண்ட அமைச்சரவையுடன் அதை ஏற்றது. ஒரு குழந்தையை ஒப்படைத்தால் மருந்துச் சீட்டையும் சேர்த்துத்தானே கொடுப்போம்?

அமெரிக்காவின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சீட்டுக்கானது: வென்றவருக்கு அலுவலகம், பணம், அதிகாரிகளின் விளக்கம். 2010 முதல் முக்கிய வேட்பாளர்களுக்குத் தேர்தலுக்கு முன்பே அலுவலக வசதியும் தருகிறார்கள். நம் இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்குள், வேட்பாளர்களுக்குத் திறைசேரியின் நிலையை வாக்களிப்புக்கு முன்பே விளக்கும் ஒரு சிறு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும்.