நூனோ ஒலிவேராவின் குதிரையேற்றக் கூடம்

நூனோ ஒலிவேரா (1925–1989) போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த குதிரையேற்ற ஆசான் ஆவார். லிஸ்பன் நகருக்கு வடக்கே, அவெசாடா என்னும் சிற்றூரில் அவர் நடத்திய 'கிந்தா டோ பிரெஜோ' பயிற்சிக் கூடம், செவ்வியல் குதிரையேற்றம் கற்க விரும்பியோர் பல நாடுகளிலிருந்து தேடிவந்த இடமாக விளங்கியது. அரசவையை நம்பி வளர்ந்த ஒரு கலை, அரசவை மறைந்த பிறகு தனியார் லாயங்களில் எவ்வாறு பிழைத்திருந்தது என்பதற்கு இக்கூடம் சான்றாகும்.

அரசவைக் கலை

குதிரையை அச்சுறுத்தாமல், படிப்படியான பயிற்சியால் அதன் உடலை இளக்கி, எடையைப் பின்னங்கால்களில் மிகுதியாகத் தாங்கச் செய்து, மெல்லிய குறிப்புக்கே இணங்குமாறு பழக்குவது செவ்வியல் முறை எனப்படுகிறது. பிரெஞ்சு ஆசான் லா குவெரினியேர் 1733-இல் முழுமையாக வெளியிட்ட நூல் இதன் அடிப்படை நூல்களில் ஒன்று. போர்ச்சுகலில் மன்னர் ஐந்தாம் ஜோவாவ் காலத்தில், 1748-இல், அல்டேர் டோ சாவ் என்னும் ஊரில் அரச குதிரைப் பண்ணை நிறுவப்பட்டது. லிஸ்பனின் பெலெம் பகுதியில் அரச குதிரையேற்ற மண்டபமும் எழுந்தது. 1790-இல் மனுவெல் கார்லோஸ் டி அந்திராதே இக்கலையை விரிவான நூலாக எழுதினார்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனின் படையெடுப்பு இந்த மரபைக் குலைத்தது. 1905-இல் பெலெம் மண்டபம் அரச வண்டிகளின் அருங்காட்சியகமாக மாறியது. 1910-இல் முடியாட்சியே ஒழிந்தது. ஆயினும் குதிரை மீதமர்ந்து காளையை எதிர்கொள்ளும் வழக்கம் நீடித்ததால், தேர்ந்த குதிரைகளுக்கும் அவற்றைப் பழக்குவோருக்கும் தேவை இருந்துகொண்டே வந்தது.

ஆசானிடமிருந்து மாணவருக்கு

அரச குடும்பத்தின் குதிரையேற்ற ஆசானாக இருந்த ஜோவாகிம் கொன்சால்வெஸ் டி மிராண்டா, முடியாட்சிக்குப் பின்னும் லிஸ்பனில் கற்பித்து வந்தார். சிறுவனாக இருந்த ஒலிவேரா அவரிடம் சேர்ந்தார். மிராண்டாவின் மறைவுக்குப் பின், பிறருடைய குதிரைகளைப் பழக்கிப் பிழைப்பு நடத்திய ஒலிவேரா, பின்னர்ச் சொந்தக் கூடம் அமைத்தார். அவருடைய மகன் ஜோவாவ் ஒலிவேராவும் தந்தையின் வழியில் குதிரைப் பயிற்றுநரானார்.

பயிற்சி முறை

ஒலிவேரா லா குவெரினியேரின் முறையோடு, 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆசான் பிரான்சுவா போஷேயின் கழுத்து, தாடை இளக்கும் பயிற்சிகளையும் இணைத்தார். இம்முறையில் முதன்மையானது, குதிரையின் முன்னுடலைச் சுவரிலிருந்து சற்று உள்ளே திருப்பிச் சாய்வாக நடத்தும் பயிற்சி. இதனால் உட்புறப் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நுழைந்து எடையைத் தாங்கப் பழகுகிறது. இந்த வலு கூடக் கூடவே, நின்ற இடத்திலேயே தாளத்தோடு காலெடுத்து வைக்கும் 'பியாஃப்' போன்ற அசைவுகள் கைகூடுகின்றன.

குதிரை இணங்கிய கணமே கடிவாள வாரைத் தளர்த்திவிட வேண்டும் என்பதில் ஒலிவேரா உறுதியாக இருந்தார். அந்தத் தளர்வே குதிரைக்குக் கிடைக்கும் பரிசு. எந்தக் கணத்தில் தளர்த்துவது என்பதை நூலைப் படித்து மட்டும் அறிய இயலாது. பழகிய குதிரையின் மேல், ஆசானின் கண்முன் அமர்ந்தே மாணவர் அதை உணர வேண்டும். ஆசான், பழகிய குதிரை, மாணவர் ஆகிய மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இச்சங்கிலி அறுந்துவிடும். இசைப் பிரியரான ஒலிவேரா, வெர்டியின் இசைநாடகப் பாடல்கள் ஒலிக்கக் குதிரைகளைப் பழக்கியதும் குறிப்பிடத்தக்கது.

மரபின் மீட்சி

குதிரைகளும் இதேபோல் தனியார் முயற்சியால் காக்கப்பட்டன. அழியும் நிலையிலிருந்த அல்டேர் குதிரைகளில் சிலவற்றைக் குதிரை வளர்ப்பாளர் ரூய் டி அந்திராதே பேணிக் காத்தார். 1942-இல் அவை அரசின் பொறுப்புக்கு வந்தன.

1979-இல் போர்ச்சுகல் குதிரையேற்றக் கலைப் பள்ளி நிறுவப்பட்டபோது, ஒலிவேராவிடம் பயின்ற கில்யெர்மே போர்பா அதை வழிநடத்தினார். அரசவை இழந்த கலை, தனியார் கூடங்களின் வழியே மீண்டும் ஒரு பொது நிறுவனத்தை அடைந்தது. ஒலிவேரா 1989-இல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் கற்பிக்கச் சென்றிருந்தபோது காலமானார். 2024-இல் போர்ச்சுகலின் குதிரையேற்றக் கலை யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.