பழைய புகைப்படங்களில் சென்னப்பட்டணம்

சென்னப்பட்டணத்தின் முதல் இரண்டு நூற்றாண்டுகளை நாம் அறிவது பெரும்பாலும் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் தஸ்தாவேஜுகளாலும், கப்பலேறி வந்த ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் தம் மனப்போக்குக்கு இசையத் தீட்டிய படங்களாலுமே ஆகும். 1639-இல் தோன்றிய இந்நகரம் புகைப்படக் கருவி என்னும் நூதன சாட்சியைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். 1850-இல் இங்கே கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1856-இல் புகைப்படச் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்தினார். அதே ஆண்டில் காப்டன் லின்னேயஸ் டிரைப் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். அவர்கள் காலந்தொட்டுச் சேர்ந்த படங்கள் ஏட்டுக்கு நிகரான ஆதாரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏட்டைப் போலவே அவற்றையும் படிக்கும் முறையறிந்து படித்தல் வேண்டும்.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனக் கலவையைப் பூசி, அதன் ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். ஒளி தகட்டில் பதிவதற்குப் பல விநாடிகள் பிடிக்கும். அசையாது நிற்கும் மாளிகையும் கோபுரமும் அதில் துலக்கமாய்ப் பதிய, நடந்து சென்ற மனிதனும் மாட்டுவண்டியும் புகைபோல் மங்கியோ, சுவடே இன்றி மறைந்தோ போனார்கள். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 4 லட்சம் ஜனங்கள் வசித்த நகரத்தின் வீதிகள் படங்களில் ஜனசூன்யமாய்த் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம். அந்த வெறுமையைக் கண்டு, பழைய சென்னை அமைதியே உருவான நந்தவனமாய் இருந்தது என்று பூரிப்பவர்கள் கருவியின் குறையை நகரத்தின் குணமாகக் கொண்டு ஏமாறுகிறார்கள்.

படகுகளும் படகோட்டிகளும் தென்படும் கடற்கரைப் படங்களில் இவ்வெறுமை ஓரளவு நீங்குகிறது. துறைமுகம் இல்லாத அந்நாளில் கப்பல்கள் கரைக்கு எட்டவே நங்கூரமிட்டு நிற்க, பிரயாணிகளையும் சரக்குகளையும் பேரலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகளே. இரும்பாணி ஒன்றுமின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியமையால், அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும் தன்மை அவற்றுக்கு இருந்தது. படகுத் தலைவனான தண்டேலின் குரலுக்கேற்பத் துடுப்பு வலித்த படகோட்டிகளின் தோள்களின் மீதுதான் இப்பட்டணத்தின் கடல் வாணிகம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் நடந்தது. 1870-களில் தொடங்கிய துறைமுக வேலையை, முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் அடித்த புயல் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டு, கப்பல்கள் உள்ளே வந்து நிற்கத் தொடங்கியதும் மசூலாப் படகுகளுக்கு வேலை குறைந்து, படங்களிலிருந்தும் அவை படிப்படியாக மறைந்தன.

நாள் குறிக்கப்படாத படங்களின் காலத்தை நிர்ணயிக்க நகரமே துணைசெய்கிறது. அலைதடுப்புச் சுவர்கள் இன்றிக் கடல் விரிந்து கிடந்தால் அப்படம் துறைமுகத்துக்கு முந்தியது. உயர்நீதிமன்றத்தின் கோபுரங்கள் வானில் எழுந்து நின்றால் 1890-களுக்கோ அதற்குப் பின்னரோ உரியது. வீதியில் டிராம் வண்டி நின்றால், அது ஓடத் தொடங்கிய 1895-க்கும் ஓய்ந்த 1953-க்கும் இடைப்பட்டது. 1900-இல் திறக்கப்பட்டு 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் செந்நிறக் கட்டடத்தைக் காணாத தலைமுறைக்கு இப்படங்களையன்றி வேறு காட்சி ஏது?

இவற்றுள் மனத்தை அறுப்பவை 1876 முதல் 1878 வரை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் படங்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் எடுத்த அவற்றில், எலும்பும் தோலுமாய் மெலிந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கிறார்கள். பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில், ஒருவேளைச் சோற்றுக்காக மண் சுமந்த ஏழைகளைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அக்கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது; வெட்டியவர்களின் பெயரைத் தாங்கிய கல் எதுவும் அதன் கரையில் இல்லை.

உழைத்தவர்களின் பெயர் இல்லாமையே பழம் படங்கள் அனைத்திலும் நான் காணும் பெருங்குறை. நிக்கலஸ் கம்பெனியாரும், வீல் அண்ட் கிளைன் நிறுவனத்தாரும் எடுத்து விற்ற படங்களில் மாளிகைக்குப் பெயர் உண்டு, சிலைக்குப் பெயர் உண்டு, துரைக்குப் பெயர் உண்டு. ஆனால் நம்மவருக்கு வண்ணான், தண்ணீர்க்காரன், பல்லக்குத் தூக்கி என்னும் தொழிற்பெயரும் ஜாதிப்பெயருமே மிஞ்சின. கல்லும் சுண்ணாம்பும் நகரமாகா. அவற்றைச் சுமந்த கைகளும் சேர்ந்ததே நகரம். ஆகையால், பழம் படம் ஒன்று கைக்கு வந்தால், நடுவில் நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தை வியந்ததோடு அமையாமல், ஓரத்தில் குடைபிடித்து நிற்பவனையும், கூடையை இறக்கிவைத்து இளைப்பாறுகிறவளையும் உற்றுநோக்குவது நம் கடன்.

கடந்தவர்களின் பெயர்களை இனி மீட்பது அரிது. நம் காலத்தவரின் பெயர்களைக் காப்பதோ நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படங்களை எடுத்து, முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு, அவற்றில் உள்ளவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று பின்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். அவற்றின் பிரதியொன்றை நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுத்து உதவுங்கள்.