மரக்கூழ்த் தாளும் மடல் எழுதிய வாசகர்களும்



பாடநூலுக்கு நடுவே கதை இதழை ஒளித்து வைத்துப் படிக்கும் மாணவரைக் காணாத ஆசிரியர் இருக்க முடியாது. அமெரிக்காவில் அத்தகைய மலிவு இதழ்களுக்குப் ‘பல்ப்’ என்று பெயர். பிராங்க் மன்சி என்பார் 1882-இல் சிறுவர் வார இதழாகத் தொடங்கிய ‘கோல்டன் ஆர்கசி’, பின்னர்ப் பெயர் சுருங்கி, 1896-இல் முழுதும் கதைகளே நிறைந்த, மரக்கூழ்த் தாளில் அச்சான இதழாயிற்று. விலை 10 சென்ட். டார்சான் 1912-இல் பிறந்ததும் இத்தகைய தாளில்தான்.

எல்லாக் கதைகளும் நல்லவை என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை குப்பையே. ஆசிய மக்களைச் சூழ்ச்சிக்காரர்களாகக் காட்டிய கதைகளும் அவற்றுள் உண்டு. அட்டைப்படங்கள் சிலவற்றை இன்றும் பிள்ளைகளிடம் காட்ட இயலாது. ஆயினும் டேஷியல் ஹாமெட்டின் ‘மால்டீஸ் பால்கன்’ 1929, 1930-ஆம் ஆண்டுகளில் ‘பிளாக் மாஸ்க்’ இதழில்தான் தொடராக வெளிவந்தது.

அத்தாளோ நிலைப்பதற்குரியதன்று. மரக்கூழிலுள்ள அமிலம் தாளைத் தானே தின்றுவிடும். பழுப்பேறி, விளிம்பு உதிர்ந்து, புரட்டும்போதே விரலில் நொறுங்கும். நூலகங்கள் பெரும்பாலும் இவற்றைச் சேர்த்து வைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பழைய தாள் திரட்டும் இயக்கங்களில் எண்ணற்ற இதழ்கள் மீண்டும் கூழாயின.

இருந்தும் அவை நமக்கு எப்படிக் கிடைத்தன? மடல்களால்! 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ வாசகர் மடல்களை முழு முகவரியுடன் வெளியிட்டது. எங்கோ ஒரு சிற்றூரில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த இளைஞன், தன்னைப் போன்ற இன்னொருவன் இருப்பதை அறிந்து நேரே அவனுக்கு எழுதினான். மடல்கள் மன்றங்களாயின, மன்றங்கள் கையச்சு இதழ்களை வெளியிட்டன. 1939 ஜூலையில் நியூயார்க்கில் ஏறத்தாழ 200 பேர் கூடி, உலக மாநாடு என்றே அதற்குப் பெயரிட்டனர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ரே பிராட்பரி அங்கு வந்தபோது அவருக்கு வயது 18.

அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ‘வியர்டு டேல்ஸ்’ இதழில் எழுதிய லவ்கிராப்ட், தம் கதைகளின் பெருந்தொகுப்பு ஒன்றைக் காணாமலே 1937-இல் மறைந்தார். பெரிய பதிப்பகம் ஏற்காததால், மடல்வழி நண்பர்களான ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்டு வாண்ட்ரேயும் தாமே ஒரு பதிப்பகம் நிறுவி 1268 படிகள் அச்சிட்டனர். அவை மெல்லவே விற்றன. 2005-இல் ‘லைப்ரரி ஆப் அமெரிக்கா’ வரிசையில் அவர் கதைகள் இடம்பெற்றன.

1950-களில் இவ்விதழ்களின் காலம் முடிந்தது. சேகரிப்போர் மட்டும் ஓயவில்லை. 1972-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ‘பல்ப்கான்’ என்ற சந்திப்பைத் தொடங்கினர். 2009 முதல் ‘பல்ப்பெஸ்ட்’ நடைபெற்று வருகிறது. தம்மிடம் இல்லாத எண்களின் பட்டியலுடன் வந்து மேசைமேசையாகத் தேடுவர். கிடைத்ததை அமிலமற்ற அட்டையுடன் நெகிழி உறையிலிட்டு, வெயில் படாமல் காப்பர். கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டுவதில்லை. பசை தாளை மேலும் கெடுக்கும்.

எழுத்தாளர் ஜூடித் மெரில் அம்மையார் 1970-இல் தம்மிடமிருந்த ஏறத்தாழ 5000 நூல்களையும் இதழ்களையும் டொரண்டோ பொது நூலகத்திற்குக் கொடையாக அளித்தார். அத்தொகுப்பு இன்று யாரும் சென்று படிக்கும் வகையில், 1995-இல் திறக்கப்பட்ட ஒரு கிளையில் உள்ளது. அக்கிளைக்கு இடப்பட்டிருக்கும் பெயர் லிலியன் ஸ்மித். சிறுவர்க்குத் தரமான நூல்களை மட்டுமே தர வேண்டுமென வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய நூலகர் அவர்.