பழைய லெப்டொப்பும் லினக்ஸும்: பயம் எப்படி வந்தது, எப்படிப் போனது?



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு முடிந்தது. விரும்பியவர்கள் பதிந்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அவர்களது பட்டியலில் உள்ள புரொசஸரும் வேண்டும். 2017இற்கு முன்னர் வாங்கிய பெரும்பாலான லெப்டொப்களில் இது சரிவராது. "சேர், பிள்ளையின் லெப்டொப்பை மாத்தத்தான் வேணுமா?" என்று பெற்றோர் எம்மிடம் கேட்கிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் புதிய லெப்டொப் என்பது சிறிய செலவு அல்ல.

மாற்றத் தேவையில்லை, லினக்ஸ் போட்டுப் பாருங்கள் என்று சொன்னால் முகம் மாறுகிறது. "அது கம்பியூட்டர் படிச்ச ஆக்களுக்கு" என்கிறார்கள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமைக்கு உதாரணமாக லினக்ஸை எழுதிப் புள்ளி எடுத்த பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது.

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். எவரும் பாவிக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு ஒரு முழுப் பணிசெயல் முறைமையை உருவாக்குவதே நோக்கம். பல துண்டுகள் தயாராகின. வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் நடுப்பகுதியான 'கேர்னல்' மட்டும் கைகூடவில்லை.

அதை எழுதியவர் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்ற தொனியில் அறிவிப்பு விட்டபோது அவருக்கு வயது 21. அவர் மனதில் வைத்திருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. கோப்புகளை சேர்வரில் ஏற்றிய நண்பர் தன் விருப்பத்துக்கு 'லினக்ஸ்' என்று பெயரிட்டுவிட்டார். (நல்லதாகப் போயிற்று.) 1992இல் அதைக் குனுவின் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார் லினஸ். இன்றுவரை எவரும் அதைப் பூட்டி வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாமல் இருப்பது இந்த முடிவால்தான்.

ஆனால் அன்று ஒரு புதியவர் அதைத் தொட்டுப் பார்ப்பது எப்படி? 1993இல் வெளிவந்த ஸ்லக்வெயாரின் முதல் பதிப்பு 24 ஃப்ளொப்பி டிஸ்க்குகள் நிறைய இருந்தது. ஒன்றன் பின் ஒன்றாகப் போட வேண்டும். இடையில் ஒன்று பழுதானால் அதோடு நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் கையாலேயே பிரித்து ஒதுக்க வேண்டும். அதில் பிழைத்தால் வீட்டில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். இன்று நம்மவர்கள் சொல்லும் பயம் அந்தக் காலத்து மிச்சம்.

அதை உடைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த க்ளவ்ஸ் நொப்பர். 2000ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'நொப்பிக்ஸ்' ஒரேயொரு சீடி. கணினியில் போட்டு ஒன் பண்ணினால் போதும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சீடியிலிருந்தே லினக்ஸ் ஓடும். சுருக்கும் நுட்பத்தால் 700 எம்பி சீடியில் ஏறத்தாழ 2 ஜிபி அளவு மென்பொருள்களை அடக்கியிருந்தார். பார்த்து முடிந்ததும் சீடியை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். எமது பார்வையில், புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை எவரும் செய்யவில்லை.

2004 ஒக்டோபரில் உபுண்டு வந்தது. அதற்குப் பணம் போட்டவர் மார்க் ஷட்டில்வர்த், 2002இல் விண்வெளிக்குப் போய் வந்த தென்னாபிரிக்கர். அந்த நாட்களில் இணையத்தில் விலாசத்தைக் கொடுத்தால் உபுண்டு சீடி தபாலில் வீட்டுக்கே வரும். தபால் செலவும் அவர்களுடையதே. டயல்-அப் காலத்தில் ஒரு முழு சீடியைத் தரவிறக்குவது என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். 2011இல் அந்தச் சேவை நின்றது. அதற்குள் பென் டிரைவ் சீடியின் இடத்தைப் பிடித்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அதைப் பலர் அறியாததுதான் எமக்குக் கவலை. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனை, சாய்ந்தமருது, அம்பாந்தோட்டை என்று எமது கரைகளைச் சிதைத்தபோது, இலங்கைத் தொழினுட்பத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் 'சஹன' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதை ஒருங்கிணைத்தது. காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் என்று பதிந்து தேடும் வசதி அதில் இருந்தது. திறந்த மூலக் கருவிகளால் கட்டப்பட்டு, திறந்த மூலமாகவே விடப்பட்டதால், 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கும் அதை எடுத்துப் பாவித்தார்கள். இலவச மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குத்தான். ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தானை மலையின் பெயரில் 'ஹந்தான லினக்ஸ்' செய்தவர்களும் இலங்கையர்களே.

சரி, இன்று தொட்டுப் பார்ப்பது எப்படி? விண்டோஸ் பழகியவர்களுக்கு எமது தெரிவு லினக்ஸ் மிண்ட். பழைய இயந்திரமானால் அதன் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு. 2 ஜிபி ரெம்மிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் பதிய வேண்டும் (அதில் ஏற்கனவே உள்ளவை அழியும், கொப்பி எடுத்து வையுங்கள்). லெப்டொப்பை ஒன் பண்ணும்போது எஃப்12 அல்லது எஃப்9ஐத் தட்டி, பென் டிரைவைத் தெரிவுசெய்தால் மிண்ட் திறக்கும். அப்போதும் உங்கள் ஹார்ட் டிஸ்க் தொடப்படவில்லை. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். நிறுவுவது அதற்குப் பிறகுதான். நிறுவும்போது 'முழு டிஸ்க்கையும் அழி' என்ற தெரிவு வரும். படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறிடத்தில் வைக்காமல் அதை அழுத்தவே கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். நாம் வருடக்கணக்காக பாமினியில் அடித்த வினாத்தாள்கள் லிப்ரே ஒபிஸில் திறக்கும், ஆனால் பாமினி எழுத்துருவையும் லினக்ஸில் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அட்டவணைகள் சற்று இடம் மாறலாம். புதிதாக அடிப்பதை யுனிகோட்டில் அடியுங்கள், தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது.

வேறொரு விண்டோஸ் மென்பொருளைத்தான் கட்டாயம் பாவிக்க வேண்டும் என்றிருப்பவர்கள் மாற அவசரப்பட வேண்டாம். மற்றவர்கள், லெப்டொப்பின் பெயரையும் ரெம் அளவையும் கொமெண்டில் போடுங்கள். எந்தப் பதிப்பு பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறோம். ஊரில் இருப்பவர்கள் பென் டிரைவைக் கொண்டுவந்தால் பதிந்தும் தருவோம்.