மேக், ஆன்ட், மேவன்: கட்டளையா, கட்டமைப்பா?

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுவதும் பிழை தேடினார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பைத்தான் மறுபடி கம்பைல் செய்யவில்லை. அவரது புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவியே ‘மேக்’. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று குறித்துவைத்தால் போதும், மாறியதைச் சார்ந்தவற்றை மட்டும் அது புதுப்பிக்கும்.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் தட்டினாலும் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும், மேக் நின்றுவிடும். ஃபெல்ட்மன் அதை மாற்ற நினைப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பழகிவிட்டார்கள். அவர்களுக்குத் தொல்லை தர மனமில்லாமல் விட்டுவிட்டார். பின்னால் வந்த தலைமுறைகள் அந்த டேப்புடன் மல்லுக்கட்டின.

ஜாவா உலகுக்கு 2000-ல் ‘ஆன்ட்’ வந்தது. டாம்கேட் என்ற ஜாவா வழங்கி மென்பொருளை உருவாக்குவதற்காக ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய கருவி அது. கோப்புறை உருவாக்கு, கம்பைல் செய், ஜார் பொதி கட்டு என்று ஒவ்வொரு அடியையும் எக்ஸ்எம்எல்லில் சொல்ல வேண்டும். சுதந்திரம் தாராளம். ஆனால் ஒரு குழுவின் பில்ட் கோப்பு அடுத்த குழுவுக்குப் புரியாது.

2004-ல் 1.0 பதிப்பு கண்ட ‘மேவன்’ அடிப்படையையே மாற்றியது: படிப்படியான கட்டளைகளுக்குப் பதில் முன்பே வகுத்த கட்டமைப்பு. மேவனின் மையம் தானாகச் செய்வது சொற்பம். கம்பைல், சோதனை, பொதியாக்கம் எல்லாமே செருகுநிரல்களின் வேலை. மூலக் கோப்புகள் இருக்க வேண்டிய இடமும் முன்பே முடிவானது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் பெரிய குழுவுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும் வரம். வழக்கத்துக்கு மாறான சின்ன வேலைக்கோ அது முட்டுக்கட்டை.

அதனால்தான் மேவனுக்குள்ளிருந்தே ஆன்ட் கட்டளைகளை இயக்க ‘ஆன்ட்ரன்’ என்றொரு செருகுநிரல் தேவைப்பட்டது.